பேரும் அரைப்பேரும்
இலங்கைத் தேயிலையின் நன்மதிப்பு உருவாகிய முறை பற்றிய ஒரு நோக்கு

பெயர் என்னும் சொல் பேர் எனத் திரிந்து வழங்கும்போது தமிழில் அதற்குப் புகழ் என்னும் பொருளும் அமைகின்றது. பேரெடுத்தான், பேர்போனவன், பேரைக் கெடுத்தான் என்னும் வழக்குகள் யாவரும் அறிந்தவை. ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்டங்களில், பொதுவாக மலையகம் எங்கணும், இச்சொல்லுக்கு இன்னொரு பொருளுண்டு. அங்கு பேர் என்பது ஒரு நாட் சம்பளம். காலையில் மலைக்குச் சென்று, குறித்த நிறைக் கொழுந்தைப் பறித்துத் தராசிலே கொட்டியவளுக்குப் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். அவள் நாள் முழுவதும் நின்று உழைத்தாள் என்பது அக்கணக்கிற்குப் பொருட்டன்று.

உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலை ஈட்டிய பேருக்கும், அதனைப் பறித்தவளின் செக்ரோலில் விழும் பேருக்கும் உள்ள உறவு இதுவரை போதிய அளவு ஆராயப்படவில்லை. தேயிலையின் பொருளாதாரம் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. தொழிலாளரின் துயரம் பற்றியும் கவிதைகளும் கதைகளும் உள. ஆனால் நன்மதிப்பு என்பதும் ஓர் உற்பத்திப் பொருளே. அதற்கும் மூலப்பொருள், உழைப்பு, உடைமை ஆகியன உண்டு என்ற நோக்கில் இவ்விடயம் அணுகப்படுவது அரிது.

பானங்களை விற்கும் பெருநிறுவனங்களுக்கு நன்மதிப்பு ஏனைய வணிகர்க்கு இருப்பதிலும் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் எளிது. அரைத்த கோப்பிக் கொட்டையும் உலர்ந்த தேயிலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பவை. வாங்குபவர் விளையும் நிலத்தைக் கண்டவரல்லர். ஆகவே அவருக்கு விற்கப்படுவது பாதி பானம், பாதி கதை. இன்று இக்கலையிற் கைதேர்ந்த நிறுவனமாக ஸ்டார்பக்ஸ் என்னும் அமெரிக்கக் கோப்பிக்கடைத் தொடரைக் குறிப்பிடலாம். 1971இல் சியாட்டில் நகரில் ஒரு கடையாகத் தொடங்கிய அது, 2004இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றுடன் சேர்ந்து கோப்பிக் கொள்வனவுக்கான ஒழுக்க விதிகளை வகுத்து, அவ்விதிகளுக்கமைந்த கோப்பியையே தான் வாங்குவதாக உலகறியச் செய்தது. பரீட்சை வினாவைத் தானே எழுதி, புள்ளியையும் தானே அறிவிக்கும் மாணவன் தோற்பது எங்ஙனம்? 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பொன்று அவ்வறிவித்தல் பொதுமக்களைத் தவறாக வழிநடத்துவதென வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது.

இதைவிடப் படிப்பினை மிக்கது எதியோப்பியாவுடனான பிணக்கு. ஹரார், சிடாமோ, யிர்காசெஃப் என்னும் தன் கோப்பி வட்டாரங்களின் பெயர்களை வணிகக் குறிகளாகப் பதிவுசெய்ய 2005இல் அந்நாடு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அமெரிக்கக் கோப்பி வணிகர் சங்கம் அதனை எதிர்த்தது. அவ்வெதிர்ப்பின் பின்னணியில் ஸ்டார்பக்ஸ் இருப்பதாக 2006இல் ஒக்ஸ்பாம் பெரும் பிரசாரஞ் செய்தது. 2007இல் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஒரு பை கோப்பியின் விலையில் விளைவித்தவனுக்குச் சேர்வது சிறு கூறே; எஞ்சியது ஊர்ப்பெயரின் விலை என்பதை அவ்வழக்கு அம்பலப்படுத்தியது. பெயர் யாருடையதோ பணமும் அவருடையதே என்பதை எதியோப்பியர் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தனர்.

இக்கலையின் முன்னோடிகளைத் தேடிச் சியாட்டில் வரை போகவேண்டியதில்லை. அதன் பாலபாடம் இலங்கையிலேயே கற்பிக்கப்பட்டது. 1869 தொடக்கம் இலைநோயால் இலங்கைக் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தபின், 1890இல் கிளாஸ்கோ மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் இங்கு வந்து ஊவாவில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தம் கடைப் பாலாடைக் கட்டிக்குள் தங்க நாணயங்களைப் புதைத்து வைத்துக் கூட்டஞ் சேர்த்த மனிதர் அவர். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்னும் கருத்தமைந்த வாசகத்தோடு, வண்ணப் பொதிகளிலே நிறை குறித்துத் தேயிலையை விற்றார். உண்மையில் அவர் விற்ற தேயிலையின் அளவு அவருடைய தோட்டங்கள் விளைவிக்கக்கூடியதிலும் மிக அதிகம். பெரும்பகுதி ஏலத்தில் வாங்கப்பட்டது. ஆயினும் வாசகம் பொய்யென எவரும் கூறவில்லை. ஏனெனில் அவரிடம் தோட்டம் இருந்தது, கூடை சுமந்த பெண்ணின் படமும் இருந்தது. (அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை தோற்று, அத்தோல்வியாலேயே அமெரிக்கரின் அன்பைப் பெற்று, அங்கும் தேயிலை விற்றவர் அவர். தோற்றும் பேரெடுக்க வசதியுடையவர்க்கே இயலும்.)

தனி வணிகர் செய்ததை 1932இல் தொழிற்றுறை முழுவதும் சேர்ந்து செய்யத் தொடங்கியது. அவ்வாண்டு தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டு, ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த தீர்வையால் அதன் செலவு ஈடுசெய்யப்பட்டது. இச்சபையின் பணிகளுள் இன்றும் நினைக்கப்படுவது ஒரு திரைப்படம். பசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த ‘இலங்கையின் கீதம்’ என்னும் பொருளுடைய அப்படம் ஆவணத் திரைப்பட வரலாற்றின் தலையாய படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுவது. லயனல் வென்ட் குரல் கொடுக்க, ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்கள் விளக்கவுரையாகின்றன. சிவனொளிபாத மலையேறும் அடியார், வயல், மீன்பிடி, நடனம் எனப் படம் விரிகின்றது. அதன் கலையழகை மறுத்தல் நேர்மையன்று. வணிகத்தின் குரல்கள் என்னும் மூன்றாம் பகுதியில், உழைக்கும் உடல்களின்மீது சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் ஒலிப்பது, இயக்குநருக்குத் தம் புரவலரைப் பற்றிய ஐயம் இருந்தது என எண்ணவும் இடந்தருகின்றது.

ஆனால் தேயிலை விற்பதற்காகத் தேயிலைத் தீர்வையில் எடுக்கப்பட்ட அப்படத்தில் தேயிலைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் தோன்றி மறைகின்றனர். அவர்களுக்கு ஊர் இல்லை, கோயில் இல்லை, பாட்டு இல்லை. புத்தரின் தீவு, பழைமை மாறாத கிராமம், தெய்வங்களின் நடனம் என ஒரு நாட்டின் முகம் வரையப்பட்டு, அம்முகம் தேயிலைப் பொதியின்மேல் ஒட்டப்படுகின்றது. அதே காலத்தில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டப்புறங்களில் வேறொரு பிரசாரத்தில் ஈடுபட்டிருந்தனர். 1940இல் மீனாட்சியம்மை வெளியிட்ட பாட்டு நூல், இலங்கையிலுள்ள இந்தியத் தொழிலாளரின் நிலைமையை அவர்களுக்கே பழக்கமான மெட்டுக்களில் எடுத்துரைத்தது. ஒன்று உலகத் திரையரங்குகளை எட்டியது. மற்றது லயத்து வாசலைக்கூடத் துரைக்குத் தெரியாமலே எட்டவேண்டியிருந்தது. இரண்டும் ஒரே தேயிலையைப் பற்றியன.

இங்கேதான் நன்மதிப்பின் மூலப்பொருள் எதுவென்ற வினா எழுகின்றது. இலங்கைத் தேயிலையின் பேர் இரண்டு தூண்களில் நிற்பது. ஒன்று, பறிப்பவளின் உருவம். மற்றது, தோற்றிடம்: இத்தேயிலை கலப்பற்றது, இம்மண்ணுக்கே உரியது என்னும் உறுதி. இரண்டாவதை ஊன்றி நோக்குதல் தகும். 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவிஸ்மியர் தோட்டத்தை, தமிழ் வழக்கில் உருளவள்ளியை, கிராம விரிவாக்கத்துக்கென அரசு எடுத்து, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேற்ற முனைந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தஞ் செய்தது. தாம் திருத்திய மண்ணில் இருக்க அவர்களுக்கு உரிமையில்லை என்பதே வாதத்தின் சாரம். இரண்டாண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாதத்தை நாடளாவியதாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம் எனத் தராசில் நிறுத்தது. இந்திய வம்சாவளியினர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

அக்காலம் முழுவதும் தேயிலை இலங்கையின் பிரசையாகவே இருந்தது. அதன் பெட்டியில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டது. 1972இல் நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டபோதும், தேயிலை மட்டும் பழைய ஆங்கிலப் பெயரைக் கைவிடவில்லை. பேர்போன பேரைக் கைவிட எந்த வணிகன் இசைவான்? இலைக்குத் தோற்றிடச் சான்று கொடுத்த அரசு, இலையைப் பறித்த கைக்கு அதனை மறுத்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதையைச் சக்தீ பால ஐயாவின் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் தமிழாக்கத்தில் பயில்வோர், அதனைத் தொழிலாளர் துயரின் பாட்டாக மட்டும் கொள்வது போதாது. அது தோற்றிடத்துக்கான ஓர் உரிமைப் பத்திரமுமாகும்.

பேர் ஒருமுறை உண்மையாகவே ஆட்டங்கண்டது. 1973இல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி, பிரித்தானியக் கம்பனிகளுக்குரிய இலங்கைத் தோட்டங்களில் நிலவிய வறுமையைப் படம்பிடித்துக் காட்டியது. அடுத்த ஆண்டு ‘வார் ஒன் வோன்ட்’ என்னும் அறநிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களிற் பட்டினி பரவிய காலம் அது. தேநீர் பருகுவோர் முதன்முறையாகக் கூடைக்குப் பின்னாலிருந்த உடலைக் கண்டனர். இதன் முடிவு வியப்பானது. 1975இல் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசு சுவீகரித்தது. நிலம் போயிற்று, ஆனால் பொதியும் பேரும் கம்பனிகளிடமே எஞ்சின. இனி லயத்துக் கூரை ஒழுகினால் அது உடைமையாளராகிய அரசின் குற்றம். தேயிலையின் நறுமணமோ இலண்டன் வணிகரின் சிறப்பு. சுவீகரிப்பு ஒரு முற்போக்கு நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. எனினும் பேரை வைத்துக்கொண்டு பொறுப்பை இறக்கிவைக்கும் வாய்ப்பை அது அந்நிறுவனங்களுக்கு அளித்தது என்பதையும் கூறாமல் விடலாகாது.

அரை நூற்றாண்டின் பின் அதே நாடகம் கென்யாவில் அரங்கேறியது. 2023 பெப்ரவரியில் பிபிசி, பிரித்தானியக் கம்பனிகள் நீண்டகாலம் நடத்திய கெரிச்சோத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்களால் பாலியற் கொடுமைக்கு உள்ளாகியதாக எழுபதுக்கு மேற்பட்ட பெண்கள் கூறியதை வெளிப்படுத்தியது. ஜேம்ஸ் பின்லே கென்யாவிடம் வாங்குவதை ஸ்டார்பக்ஸ் நிறுத்திவைத்தது. 2024இல் லிப்டன் நிறுவனம் தன் கென்யத் தோட்டங்களை விற்க முன்வந்தது. வாங்க வந்தது இலங்கையின் பிரவுன்ஸ் நிறுவனம். ஒருகாலத்தில் துரைமார் விட்டுச்சென்ற சுமையை ஏற்ற நாட்டின் முதலாளிகள், இன்று இன்னொரு கண்டத்தில் அச்சுமையைத் தாமே விலைகொடுத்து வாங்குகின்றனர்.

உள்நாட்டு வணிகரின் கதையையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். இலங்கைத் தேயிலை நெடுங்காலம் பெட்டிப் பெட்டியாக, பெயரற்ற மூலப்பொருளாகவே கப்பலேறியது. அந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகள் இரண்டு. ஒன்று, தேயிலைச் சபைக்குரிய சிங்க இலச்சினை. முழுவதும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டதற்கே அது உரியது. மற்றது, மெரில் ஜே. பெர்னாண்டோ தம் மைந்தர் டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து 1980களில் அவுஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டுசென்ற டில்மா. அவர் விளம்பரங்களில் தாமே தோன்றி, பருகிப் பாருங்கள் என அழைத்தார். பல்தேசியக் கம்பனிகளின் கலப்புத் தேயிலைக்கெதிராக, விளைந்த நாட்டிலேயே இலாபம் தங்கவேண்டும் என்ற அவர் வாதம் வலுவானது. இலாபத்தில் ஒரு பங்கை அறக்கட்டளைக்கு ஒதுக்கும் நெறியையும் அவர் நிறுவினார். 2023இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் வெறும் உபசாரமல்ல.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. லிப்டனின் பொதியில் பெயரில்லாத பெண்ணின் உருவம் இருந்தது. டில்மாவின் விளம்பரத்தில் பெயருள்ள ஓர் உரிமையாளரின் முகம் இருந்தது. இது முன்னேற்றமே. ஆனால் இருவகையிலும் பறிப்பவள் பேசவில்லை. அறக்கட்டளை கட்டும் பாலர் பாடசாலை நற்செயலே. அதன் படம் ஆண்டறிக்கையில் வரும். சம்பளம் அவ்வாறன்று. கொடை கொடுப்பவனுக்குப் பேர் தரும். கூலி வாங்குபவளுக்குப் பேர் தரும். நிறுவனங்கள் முன்னதை விரும்புவதில் வியப்பில்லை. பொகவந்தலாவைப் பக்கத்தில் அக்குழுமம் 2005இல் தொடங்கிய உல்லாச விடுதிகள் பழைய துரைமாரின் பங்களாக்களில் அமைந்தவை. துரைத்தனத்தையே நினைவுப்பொருளாக விற்கும் அவ்வணிகத்தில், அதே மலையின் லயம் நிழற்படத்தின் ஓரத்துக்கு அப்பாற் போய்விடுகின்றது.

சபரகமுவவின் நிலை இவ்விடயத்தில் தனித்தன்மை வாய்ந்தது. விளம்பரம் காட்டுவது நுவரெலியாவின் பனிமூட்டமும் குளிரும். இரத்தினபுரியும் கேகாலையும் மழையும் புழுக்கமும் அட்டையும் நிறைந்தவை. பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என நீளும் இத்தோட்டங்களிற் பலவற்றில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கும். 600 மீற்றருக்குக் கீழே விளையும் தாழ்நிலத் தேயிலை கருமையும் தடிப்பும் மிக்கது. ஈராக், துருக்கி, உருசியா முதலிய நாடுகளில் விரும்பப்படுவது. நாட்டின் உற்பத்தியில் அரைவாசிக்கு மேற்பட்டது தாழ்நிலத் தேயிலையே. அதிற் பெரும்பகுதி சிங்களச் சிறுதோட்ட உடைமையாளரின் விளைவு. அவர்களுக்கிடையே சிதறுண்டு சிறுபான்மையாய் வாழும் தோட்டத் தமிழர், மலையகம் என்றவுடன் மனத்தில் எழும் சித்திரத்திலும் இல்லை, தேயிலை என்றவுடன் எழும் சித்திரத்திலும் இல்லை. டில்மா உயரத்தை ஒட்டித் தன் தேயிலைகளுக்கு ரன் வத்த, உட வத்த, மெத வத்த, யட்ட வத்த எனப் பெயரிட்டபோது, கீழ்த்தோட்டமாகிய யட்ட வத்தவுக்கும் ஒரு மதிப்பு வந்தது. அக்குழுமத்தைச் சார்ந்த காவத்தைப் பெருந்தோட்டக் கம்பனியின் பெயர் இப்பிரதேசத்தின் ஊரொன்றின் பெயரே. இலைக்கு உயரம் ஒரு முகவரியாயிற்று.

மனிதருக்கு அம்முகவரி காவலாகவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் தமிழர்மீது வன்முறை ஏவப்பட்டு, லயங்கள் எரிக்கப்பட்டன. பலர் வன்னிக்கு ஓடினர். ஏற்றுமதிச் சந்தையில் இலங்கைத் தேயிலையின் பேருக்கு அதனால் வந்த களங்கம் யாது? ஒன்றுமில்லை. படத்தில் இல்லாதவர் எரிந்தால் படம் கெடுவதில்லை.

இன்றைய முறைகள் நுட்பமானவை. தோட்ட வாயிலில் சான்றிதழ்ப் பலகை தொங்கும். ஓசோன் படலத்துக்குத் தீங்கற்ற தேயிலை என்னும் இலச்சினையும் இலங்கைத் தேயிலைக்கு உண்டு. வளிமண்டலத்தைப் பற்றிய அக்கறை போற்றற்குரியது; அதனை அளக்கும் கருவிகளும் உள. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்ட பின்னர், சம்பளத்தை அளப்பதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வேலைநிறுத்தமும் வழக்கும் வர்த்தமானியும் வேண்டியிருந்தன. 1,000 ரூபா நாட்சம்பளம் 2021இல் சம்பளச் சபை வழியாகவே வந்தது. கம்பனிகள் நீதிமன்றஞ் சென்றன. 2024இல் 1,700 என அறிவிக்கப்பட்டது, இழுபறியின் பின் அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350ஆக முடிந்தது. 2017இல் தேயிலையின் 150ஆம் ஆண்டு அரசும் வணிகரும் கூடிக் கொண்டாடிய விழா. 2023இல் மலையக மக்களின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர்.

எனினும் நிலைமை ஒரு புதுத் திருப்பத்தை அடைந்துள்ளது. கொழுந்து பறிக்க ஆளில்லை என்பதே இன்று சபரகமுவத் தோட்ட நிர்வாகங்களின் முதன்மையான முறைப்பாடு. பறித்தவளின் மகள் அவிசாவளையை அடுத்த சீதாவக்கைக் கைத்தொழிற் பேட்டைக்கோ, கொழும்புக் கடைக்கோ, வெளிநாட்டுக்கோ போய்விடுகின்றாள். கம்பனிகள் தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பகிர்ந்து பராமரிப்புக்கு விடும் முறைகளை முன்வைக்கின்றன. நிலவுரிமையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இலண்டனிலும் சிட்னியிலும் நூறாண்டுக்கு மேலாகப் பேர் தேடிய தொழிற்றுறை, இப்பொழுது தெரணியகலையின் ஒரு லயத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியிடம் பேர் எடுக்கவேண்டியுள்ளது. அவளுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியும். அவளுடைய தாய் மாலையில் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள்.